மூன்று கிலோ ரம்பம்

கேட்குதா சார்? இருங்க, சாக்கை அப்புறம் அவிழ்க்கலாம். இதை முதலில் கேளுங்க.

மரம் அறுக்கிற மெஷின், வெறும் காற்றில் ஓடும்போது வண்டு மாதிரி ஒரு சத்தம். இதோ கட்டையில் வைத்தாயிற்று, கீச்சென்று ஏறுகிறது. அதுவரைக்கும் சரி. அதற்கு அடியில் இன்னொன்று கேட்கும் பாருங்க, தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி. தடதடதடவென்று. அது வரக்கூடாது. அது செயின் தளர்ந்த சத்தம்.

என் அண்ணன்தான். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், பின்முற்றத்தில் நிற்கிறார். வீரமலை என்று பெயர். இந்த எஸ்டேட் லைனில் வரிசையாக இருக்கிற பதினாறு வீட்டுக்கும் அவர் மலையண்ணன். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. எட்டு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை.

உட்காருங்க. நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, அது உங்களுக்கு. நான் நின்றே பழகினவன். டீ போடுகிறேன், அடுப்பு பற்றிக்கொண்டிருக்கிறது.

டீக்கடையில் நீங்க ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் போன் பண்ணினேன். ‘மரம் அறுக்கும் மெஷின், எடை குறைவு, அதிகம் ஓடாதது.’ யார் என்று கேட்டதற்கு, தபால் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர், திருப்பூரில் மகளோடு இருக்கப் போகிறார், வீட்டுச் சாமானெல்லாம் விற்கிறார் என்று கடைக்காரர் சொன்னார். நல்லது சார். மகள் கூப்பிட்டால் போய்விடணும். யோசிக்கக்கூடாது.

எனக்கு எதற்கு மெஷின் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான். ஒரு ஆள். குளிக்கத் தண்ணீர் காய வைக்கணும், அதே அடுப்பில் ஒரு சோறு, ஒரு குழம்பு. காஸ் இருக்கிறது, ஆனால் இந்த மலைக் குளிருக்கு காஸில் தண்ணீர் காய வைத்துக் கட்டுப்படியாகாது. எனக்கு டீ பாக்டரியில் வேலை. தேயிலை காய வைக்கிற டிரையருக்கு விறகு போடுவேன். சாயங்காலம் ஏழுக்குப் போனால் காலை ஆறு. விடிய விடிய அங்கே நெருப்புக்குத் தீனி போட்டுவிட்டு இங்கே வந்தால் என் அடுப்பு ஜில்லென்று கிடக்கும். சிரிப்பாகத்தான் இருக்கும்.

குன்னூருக்கு மூன்று தடவை போனேன், மெஷின் பார்க்க.

முதல் தடவை பெட்ரோல் மெஷினைக் காட்டினார் கடைக்காரர். நாலரைக் கிலோ. நாலரைக் கிலோ என்ன பெரிய எடை என்பீங்க. உடம்பை விட்டுத் தள்ளி, இப்படி நீட்டிப் பிடித்துப் பாருங்க, பத்து கிலோ ஆகிவிடும். அதைவிடக் கயிறு. ஸ்டார்ட் பண்ண ஒரு கயிறு இருக்கிறது, அதைச் சுண்டி இழுக்கணும். ஒரு சுண்டில் பிடிக்காது, மூன்று வேணும், நாலு வேணும். என் வலது தோள் இப்போது சுண்டுகிற தோள் இல்லை. போன மார்கழியில் பாக்டரியில் விறகு அடுக்கு சரிந்து ஒரு கட்டை விழுந்தது. மூட்டு இறங்கிவிட்டது. ஏற்றிவிட்டார்கள், ஏற்றினதெல்லாம் சரி, கை காதுக்கு மேலே போகாது. தினமும் சட்டை போடுவதே எனக்கு ஒரு வேலை.

இரண்டாவது தடவை கரண்ட் மெஷின். எடை பரவாயில்லை. ஆனால் எங்கள் லைனில் சாயங்காலம் ஆனால் பல்பே அழுது வடியும், அந்தக் கரண்டை நம்பியா? பின்னாலேயே வயரை வேறு இழுத்துக்கொண்டு திரியணும்.

மூன்றாவது தடவை பேட்டரி மெஷின். மூன்று கிலோ. கயிறு கிடையாது, பட்டனை அமுக்கினால் ஓடும். செயின் ஓடுகிற பட்டை ஒரு அடி நீளம். வீட்டு விறகுக்கு அது போதும், நாம் என்ன காட்டையா சாய்க்கப் போகிறோம்? இதுதான் என்று முடிவு பண்ணி, பணத்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டுவிட்டேன். அப்போது கடைக்காரர் சொல்கிறார், “உங்க லைன்லருந்து இன்னொருத்தரும் இதையேதாங்க வாங்கிட்டுப் போனாரு. ஒசரமா, மீசை வச்சவரு.”

வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் வாங்கினதையே நானும் வாங்குவதா?

உங்களுடையது எப்படி, கயிறா பட்டனா? பட்டனா. நல்லது. வேற கம்பெனிதானே? அதைத்தான் கேட்டேன்.

அண்ணன் என்றால் இப்படி என்று நினைக்காதீங்க. முன்னால் நல்ல மாதிரிதான். என் வீட்டுக்காரி குணவதி இருந்தவரைக்கும் இந்தச் சுவர் பேருக்குத்தான் சுவர். அவள் இங்கிருந்து “மாமா, உப்பு இருக்கா?” என்பாள், அவர் அங்கிருந்து “உப்பும் இருக்கு, புளியும் இருக்கு, கொழம்பு வச்சுட்டு ஒரு கிண்ணம் குடுத்துரு” என்பார். அண்ணி அப்போது இங்கே இருந்தார். இப்போது மகள் வீட்டில், ஈரோட்டில். பேத்தியைப் பார்த்துக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பக்கமும் ஒரே ஆள்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாசம். நான் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். குணவதிக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. என்னை எழுப்பவில்லை சார். பக்கத்து வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு ஜீப்பைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் முடிந்துபோயிற்று.

நான் எழுந்தது மூன்று மணிக்கு. வீட்டில் யாரும் இல்லை. வாசல் கதவைத் திறந்தால் அண்ணன் வீட்டுப் படியில் இருபது முப்பது ஜோடிச் செருப்பு. உள்ளே போனேன். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

“ஏன் என்னை எழுப்பல?” என்று அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“அது எழுப்பாதீங்கன்னு சொல்லுச்சுடா. வாயுவா இருக்கும், ஒரு ஊசி போட்டுட்டு வந்துரலாம், அவரு தூங்கட்டும்னுச்சு.”

சொல்லும். அவள் அப்படித்தான் சொல்வாள். எனக்குத் தெரியாதா? அதைக் கேட்டுக்கொண்டு போவதா? கதவைத் தட்டினால் எழுந்துவிடப் போகிறேன். பத்தடி தூரம். பத்தடி தூரத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன் சார்.

அன்றோடு பேச்சு நின்றது.

பால் பொங்கட்டும், பார்த்துக்கொள்கிறேன். நீங்க உட்காருங்க.

பேச்சு நின்றதே தவிர விறகு நிற்குமா? எஸ்டேட்டில் நிழல் மரம் கழித்துப் போடுவார்கள், சில்வர் ஓக். வருஷத்துக்கு ஒரு லோடு இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பின்முற்றத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். அறுப்பது எங்கள் பாடு. அறுக்க இருந்தது ஒரே ரம்பம். திரும்பிப் பாருங்க, உங்கள் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஐந்தடி. இரண்டு முனையிலும் பிடி. ஒரு ஆளால் அதை ஒன்றும் பண்ண முடியாது. அதில் தள்ளவே கூடாது, தெரியுமா? இழுக்க மட்டும்தான். நான் இழுக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் கையைத் தளர்த்தி விடணும், அவர் இழுக்கும்போது நான் விடணும். யாராவது ஒருத்தர் தள்ளினால் தகடு வளைந்து கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு ஞாயிறு. நான் ரம்பத்தை எடுத்துப் போய்க் கட்டைமேல் வைத்துவிட்டு நிற்கிறேன். என்ன பண்ணுவதென்று தெரியாமல்தான் நிற்கிறேன். அவர் வந்தார். அந்த முனையைப் பிடித்தார். அறுத்தோம். ஒரு கட்டை அவருக்கு, ஒரு கட்டை எனக்கு. ஒரு வார்த்தை கிடையாது.

அப்படியே எட்டு வருஷம். ஞாயிறு காலை ஒன்பது மணி. சனி ராத்திரி பாக்டரி லீவு, நானும் தூங்கி எழுந்திருப்பேன். பேச்சுக்குப் பதிலாகக் கட்டையில் தட்டுவோம். யார் ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. ஒரு தட்டு என்றால் ஆப்பு அடிக்கணும். இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டினால் வா, இழு. அவ்வளவுதான் எங்கள் பாஷை. மழையானாலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அறுத்திருக்கிறோம். ஒரு தடவை விறகு வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது, அன்றைக்கும் அறுத்தோம்.

தோள் போன பிறகு நான் இடது கையால் இழுத்தேன். இடது கைக்கு நேர் தெரியவில்லை சார். வெட்டு நேராக இறங்காமல் சாய்ந்து சாய்ந்து போகும். ரம்பம் கவ்விக்கொள்ளும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வெட்டைப் பார்த்தார். நாலு ஞாயிறு பார்த்தார்.

ஐந்தாவது ஞாயிறு, ரம்பத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறேன், அவர் கையில் பொம்மை மாதிரி ஒரு மெஷின். என்னிடம் ஒரு சாடை காட்டியிருக்கலாம் இல்லையா? ஒரு தட்டு தட்டியிருக்கலாம். ஒன்றும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் ஒரு காலைப்பொழுது அறுக்கிற கட்டை, பத்து நிமிஷத்தில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நான் திரும்பி வந்து ரம்பத்தை ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு முழு ஞாயிறும் எனக்கு எங்கே உட்காருவதென்றே தெரியவில்லை. இப்போதும் ஞாயிறு வந்தால் அப்படித்தான். எழுந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, உட்கார்ந்திருப்பேன்.

இப்போது தினமும் அறுக்கிறார். அதிலும் எப்போது பாருங்க. நான் மூன்று, மூன்றரைக்கு எழுவேன். பல் விளக்கி, பாத்திரத்தை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்கணும், உடனே அங்கே மெஷின் ஓடும். அதற்கு முன்னால் ஒரு நாள் ஓடினதில்லை. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், ஐந்து மணிவரை படுத்தே கிடந்தேன். ஐந்து மணிவரை சத்தமே இல்லை. டம்ளரை உருட்டினேன், ஆரம்பித்தது. வேண்டுமென்றே சார். நான் முழித்திருந்து கேட்கணும் என்று. எழுப்ப வேண்டிய அன்றைக்கு எழுப்பாதவர், இப்போது…

என்ன சொன்னீங்க? தூக்கம் கெடக்கூடாதென்றா?

நீங்க அவரைப் பார்த்ததுகூட இல்லை. வீடு வீடாகக் கடிதம் கொடுத்துப் பழகினவர், எல்லாரையும் நல்லவராகவே நினைக்கிறீங்க.

அதை விடுங்க. அறுத்ததில் பாதியைக் கொண்டுவந்து என் கதவோரம் போட்டுவிட்டுப் போகிறார். இதோ பாருங்க, அடுப்புப் பக்கம் அடுக்கி வைத்திருக்கிறேன். எடுத்துப் பாருங்க ஒன்றை. ஒன்றேகால் சாண். எல்லாமே ஒன்றேகால் சாண். அவர் வீட்டு அடுப்பு பெரியது, முழ நீளக் கட்டை போகும். அதற்கு உதவாத குட்டைத் துண்டெல்லாம் எனக்கு. எட்டு வருஷம் என்னோடு அறுத்தவருக்கு அளவு தெரியாதா? தினமும் அளவு மாறாமல் தப்பாக வெட்டுகிறார். என் அடுப்புக்குச் சரியாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

அதனால்தான் எனக்கும் ஒரு மெஷின் வேணும் என்கிறேன். என் விறகை நான் அறுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தம் போகட்டும்.

கொடுங்க, பார்க்கலாம். சாக்கை நானே அவிழ்க்கிறேன்… ஓ. நல்ல சுத்தமாக வைத்திருக்கீங்க. இவ்வளவுதானா எடை? இடது கையாலேயே வருகிறதே. வலது கையிலும்… வருகிறது. தோள்வரைக்கும் வருகிறது. அதற்கு மேலே எதற்கு?

இதற்கு அந்தப் பக்கம் பிடி இல்லை பாருங்க. முனை சும்மா காற்றில் நிற்கிறது.

நல்ல மெஷின்தான். குறை சொல்லவில்லை.

குன்னூர்க் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார், சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். மெஷினை வைத்துவிட்டுத் திரும்பினேன் இல்லையா, அப்போது பின்னாலேயே வந்து சொல்கிறார், “அவரும் ரொம்ப யோசிச்சாருங்க. பெரிய மெஷினே தூக்குவாரு, அந்த ஒடம்புதான். ஆனா வேணாம்ட்டாரு. வலது தோளு முடியாத ஆளு தூக்கற மாதிரி குடுங்கன்னு கேட்டு, ஒவ்வொண்ணா எடை பாத்து எடுத்தாரு.”

பொய் சார். சுத்தப் பொய். அவர் தோளுக்கு என்ன? அறுபது கிலோ மூட்டையை இன்றைக்கும் தூக்குவார். கடையில் போய்த் தோள் முடியவில்லை என்று சொல்லி…

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

எனக்கு வலது தோள்தான். ஆமாம். சொன்னேனே.

டீ ஆறுகிறது, குடிங்க. சர்க்கரை போதுமா? நான் எனக்குப் போடுகிற கணக்கில் போட்டுவிட்டேன். வேறு ஆளுக்குப் போட்டு நாளாயிற்று.

சத்தம் இன்னும் மோசமாகிறது, கேட்குதா? கூழாங்கல் அதிகமாகிவிட்டது.

இல்லை, எனக்குத் தெரியும். அந்த மெஷினின் புத்தகத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்தேன். இங்கிலீஷ். நான் எட்டாவதோடு நின்றவன், டிரையர் வெளிச்சத்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தே கற்றுக்கொண்டேன். பத்து ராத்திரி ஆயிற்று அந்தப் புத்தகம். அண்ணனுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். புது செயின் ஓட ஓட நீளும், பேட்டரியைக் கழற்றிவிட்டு இறுக்கணும் என்று போட்டிருக்கிறது. எண்ணெய் தனியாக ஊற்றணும். தளர்வாக ஓடினால் செயின் பட்டையை விட்டுக் கழன்று அடிக்கும். எங்கே அடிக்கும் என்று படமே போட்டிருக்கிறான். கை, தொடை.

அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வேலை முடிந்ததும் மெஷினைப் பின்முற்றத்துக் கொட்டகைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பேட்டரியைக் கழற்றிப் பக்கத்திலேயே வைத்திருப்பார். பூட்டு கிடையாது, ஒரு சாக்கு போட்டு மூடினது கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி. திமிர்தானே?

நான் காலையில் வேலை முடிந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பேன். தளர்ந்திருந்தால் இறுக்குவேன். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி வைப்பேன். துடைப்பேன். ஒரு கால்மணி நேரம். எனக்காகத்தான் சார். செயின் பறந்தால் என் ஜன்னல் உடையும் இல்லையா?

பின்பக்கம் ஜன்னல் இல்லை. ஆமாம், கதவுதான். கதவு உடையாதா?

அவருக்குத் தெரியாது. மெஷின் தானாகவே நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்றைக்குத்தான் முடியவில்லை. நேற்று இலை அதிகம் வந்தது, வேலை விட்டுவர எட்டு மணியாகிவிட்டது. வந்தால் அவர் முற்றத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருக்கிறார். ஆள் நிற்கும்போது போய் எப்படித் தொடுவது? ஏதோ ஒட்டிக்கொள்ள வந்த மாதிரி ஆகாதா? வந்து படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. படுத்திருந்தேன். போகிறது, ஒரு நாள் இறுக்காவிட்டால் என்ன என்று…

இருங்க.

நின்றுவிட்டது.

கட்டை விழுகிற சத்தம் வரணும். அறுத்து முடித்தால் டொப்பென்று விழும், அதற்கப்புறம்தான் மெஷினை நிறுத்துவார். விழவில்லை. பாதியில் நின்றிருக்கிறது.

சார், டம்ளரைக் கீழே வைக்காதீங்க, சத்தம் போடாதீங்க. ஒரு நிமிஷம்.

ஒன்றும் கேட்கவில்லையே. காலடிச் சத்தம்கூட… நான் காலையில் இறுக்கியிருக்கணும். கால்மணி நேரம். கால்மணி நேரத்தில் என்ன போயிருக்கும் எனக்கு?

அண்ணே!

அண்ணே! என்ன ஆச்சு? அண்ணே!

…

கேட்டீங்களா? நீங்களும் கேட்டீங்கதானே?

“பேட்டரி தீந்துபோச்சுடா அழகு.”

பேட்டரி தீர்ந்துபோயிற்றாம். எட்டு வருஷம் கழித்துப் பேசுகிற பேச்சைப் பாருங்க. அழகு என்று வேறு. என் பெயர் அழகுமலை, போனில் சொன்னேன் இல்லையா, பாக்டரியில் எல்லாரும் மலை, மலை என்றுதான் கூப்பிடுவார்கள். அழகு என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

ஒன்றுமில்லை, உட்காருங்க.

நான் கூப்பிட்டுவிட்டேன், இல்லையா? கூப்பிட்டுவிட்டேன்.

ஷ்ஷ். தட்டுகிறார்.

ஒன்று. இரண்டு.

மூன்று.

பாதி அறுத்த கட்டையை அப்படியே விடமுடியாது சார். ராத்திரி பனி இறங்கினால் வெட்டுவாய் இறுகிப்போகும், நாளைக்கு எந்த மெஷினும் போகாது. அந்த பேட்டரி ஏற இரண்டு மணி நேரம் ஆகும், ஏழுக்கு நான் ஷிப்ட் போகணும். வேறு வழி இல்லை, அதனால்தான்.

உங்கள் மெஷினைச் சாக்கிலேயே போட்டுக் கட்டிவிடுங்க. உங்களை வீணாக ஏறிவர வைத்துவிட்டேன், தப்பாக நினைக்காதீங்க. எடை சரியாகத்தான் இருக்கிறது. கடைசி வீட்டுத் தங்கராசு விசாரித்துக்கொண்டிருந்தான், போகிற வழியில் காட்டிப் பாருங்க, நான் சொன்னேன் என்று சொல்லுங்க.

தலையைக் கொஞ்சம் குனிங்க, ரம்பத்தை எடுத்துக்கொள்கிறேன். வலது கை எட்டாது, இடது கைதான். வெட்டு சாய்ந்தால் சாயட்டும், அவர் பார்த்துக்கொள்வார். ஸ்பானரா? அது சட்டைப் பையிலேயே இருக்கிறது, எப்போதும் இருக்கும்.

மூன்று மாசமாகத் தொங்கினதில் பல் எல்லாம் தூசி ஏறிக் கிடக்கிறது பாருங்க. துடைக்காமல் கொண்டுபோனால் பிசின் பிடித்துவிடும். உங்கள் காலடியில் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு துணி கிடக்கும்.

அதை இப்படிக் கொடுங்க.